ஓட்டப் பயிற்சியின்போது இசை கேட்டல்: பயன்களும் இடர்களும்

ஓட்டப் பயிற்சியின்போது இசை கேட்டல் என்பது, ஒருவர் இயர்போன், ஹெட்போன் அல்லது ஒலிபெருக்கி வழியாக இசையைக் கேட்டுக்கொண்டே ஓடும் பழக்கத்தைக் குறிக்கும். இது களைப்பு உணர்வைக் குறைக்கிறது, மனத்துக்கு உற்சாகம் தருகிறது, பயிற்சியைத் தொடர உதவுகிறது என்பதற்கு ஆய்வுச் சான்றுகள் உள்ளன. அதே பழக்கம் சாலையிலும் இருப்புப்பாதை அருகிலும் உயிருக்கு ஆபத்தாக முடிவதும், அளவு மீறினால் செவித்திறனைக் கெடுப்பதும் பதிவாகியுள்ளன. கிடைக்கும் பயன் சிறியது, ஆனால் அன்றாடம் கிடைப்பது. நேரும் தீங்கு எல்லோருக்கும் நேர்வதில்லை, ஆனால் நேர்ந்தால் பெரும்பாலும் சரிசெய்ய முடியாதது. ஆகவே "இசை கேட்டு ஓடலாமா, கூடாதா" என்ற கேள்வியைவிட, "எங்கே ஓடும்போது, எவ்வளவு ஒலியில், எந்தப் பயிற்சிக்கு" என்ற கேள்வியே பயனுள்ளது.

தமிழில் காதொலிப்பான், செவிப்பொறி என்றெல்லாம் எழுதப்பட்டாலும், மாணவர்கள் வழங்கும் இயர்போன் என்ற சொல்லையே இக்கட்டுரை கையாள்கிறது.

பின்னணி

உடலுழைப்பையும் தாளத்தையும் இணைப்பது புதிய வழக்கம் அன்று. ஏற்றம் இறைத்தவர்கள் ஏற்றப் பாட்டுப் பாடினார்கள். நாற்று நட்ட பெண்கள் நடவுப் பாட்டுப் பாடினார்கள். படகு வலித்தவர்கள் ஓடப் பாட்டுப் பாடினார்கள். இப்பாடல்கள் பொழுதுபோக்குக்காக மட்டும் பிறந்தவை அல்ல. பலர் ஒரே நேரத்தில் கையை வீசவும், இறைத்த சால்களை எண்ணவும், வெயிலில் களைப்பை மறக்கவும் பாட்டு ஒரு கருவியாக இருந்தது. இன்று விளையாட்டு உளவியலாளர்கள் சொல்லும் மூன்று பயன்களும், அதாவது ஒத்தியக்கம், கவனத் திருப்பம், ஊக்கம் ஆகியவை, அந்த வயல்வெளியிலேயே இருந்தன. ஒரு வேறுபாடு உண்டு. நடவுப் பாட்டைப் பாடியவர்கள் ஒருவர் குரலை ஒருவர் கேட்டார்கள். சுற்றிலும் எழும் மற்ற ஒலிகளும் அவர்கள் காதில் விழுந்தன. இயர்போன் அப்படிப்பட்டதன்று.

விளையாட்டில் இசையின் விளைவைக் கவனித்துப் பதிவு செய்த தொடக்ககால ஆய்வாளர்களுள் ஒருவர் அமெரிக்காவைச் சேர்ந்த லியோனார்ட் அயர்ஸ். நியூயார்க்கில் ஆறு நாள் தொடர்ந்து நடந்த சைக்கிள் பந்தயத்தில், அரங்கில் வாத்தியக் குழு இசைத்தபோது வீரர்கள் வேகமாக மிதித்ததையும், இசை நின்றபோது வேகம் குறைந்ததையும் அவர் 1911இல் எழுதினார்.

ஆனால் ஒருவர் தன் இசையைத் தானே எடுத்துக்கொண்டு ஓடுவது 1979 ஜூலையில் சோனி நிறுவனம் வாக்மேன் கருவியை விற்கத் தொடங்கிய பிறகே எளிதாயிற்று. 2001இல் ஆப்பிள் நிறுவனத்தின் ஐபாட் வந்தது. பின்னர் கைப்பேசியே பாட்டுப் பெட்டியாகிவிட்டது. கம்பியில்லா இயர்போன் மலிவாகக் கிடைக்கத் தொடங்கியதும், ஓடும்போது கம்பி கையில் சிக்குகிறது என்ற ஒரு சிறு தடையும் நீங்கிவிட்டது.

இசை என்ன செய்கிறது?

ஓடும்போது உடலிலிருந்து மூளைக்கு ஓயாமல் செய்திகள் செல்கின்றன. தசை வலிக்கிறது, மூச்சு வாங்குகிறது, உடல் சூடேறுகிறது என்பவை அவை. மூளை ஒரே நேரத்தில் கவனிக்கக்கூடிய செய்திகளுக்கு ஒரு வரம்பு உண்டு. இனிய இசை அந்த இடத்தில் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது. வலியும் களைப்பும் சற்றுப் பின்னுக்குத் தள்ளப்படுகின்றன. பல் வலிக்கும் குழந்தைக்கு வேடிக்கை காட்டுவதைப் போன்றதுதான் இது. பல் குணமாகவில்லை, குழந்தை அதை நினைக்கவில்லை.

இந்தக் களைப்பு உணர்வை அளக்க ஒரு முறை உள்ளது. சுவீடன் நாட்டு உளவியலாளர் குன்னார் போர்க் 6 முதல் 20 வரையிலான ஓர் அளவுகோலை உருவாக்கினார். எவ்வித முயற்சியும் இல்லை என்றால் 6. இதற்கு மேல் முடியாது என்றால் 20. பயிற்சி செய்பவரே தம் நிலைக்கு ஓர் எண் சொல்ல வேண்டும். எண்கள் 6இல் தொடங்குவது மாணவர்களுக்கு வியப்பாக இருக்கும். நலமுள்ள இளைஞர் ஒருவர் சொல்லும் எண்ணைப் பத்தால் பெருக்கினால் அவருடைய இதயத் துடிப்புக்கு ஏறத்தாழ ஒத்துவரும் என்பதே அதன் பின்னுள்ள கணக்கு.

இலண்டன் பிரூனெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த காஸ்டஸ் கராஜியார்ஜிஸ் இத்துறையில் பல ஆண்டுகளாக ஆய்வு செய்து வருபவர். அவரும் பீட்டர் டெரி முதலிய ஆய்வாளர்களும் அதுவரை வெளிவந்த 139 ஆய்வுகளைத் தொகுத்து, மொத்தம் 3,599 பேரிடம் பெற்ற முடிவுகளை 2020இல் வெளியிட்டனர். இசை கேட்டவர்களின் மனநிலை தெளிவாக மேம்பட்டிருந்தது. செயல்திறன் ஓரளவு கூடியிருந்தது. களைப்பு உணர்வு சிறிது குறைந்திருந்தது. ஆக்சிஜன் பயன்பாட்டில் மிகச் சிறிய நன்மை தெரிந்தது. இதயத் துடிப்பில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை.

இந்த வரிசையை மாணவர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டும். மிகப் பெரிய பயன் மனத்தில், அடுத்தது செயலில், உடலின் உள் இயக்கத்தில் மிகக் குறைவு அல்லது ஒன்றுமில்லை. "பாட்டுக் கேட்டால் ஸ்டாமினா ஏறும்" என்று மைதானங்களில் பேசிக்கொள்வது சரியன்று. நுரையீரலும் இதயமும் தசையும் வலுப்பெறுவது ஓடுவதால்தான். பாட்டு, ஓட மனமில்லாத நாளில் ஒருவரை வீட்டை விட்டுக் கிளப்புகிறது. இருபது நிமிடத்தில் நிறுத்தியிருப்பவரை முப்பது நிமிடம் ஓட வைக்கிறது. அதுவே மறைமுகமாக வலிமையாகிறது. புதிதாக ஓடத் தொடங்குபவருக்கு இது சிறிய உதவி அன்று. பயிற்சியைக் கைவிடுவோரில் சிலர் உடல் முடியாமல் விடுவதில்லை, சலிப்பால் விடுகிறார்கள்.

தாளமும் காலடியும்

தாளத்துக்கு ஏற்பக் கால் அசைவது மனித இயல்பு. இசையின் தாளமும் உடலின் அசைவும் ஒன்றிவிட்டால் அசைவு சீராகிறது; தேவையற்ற சிறு திருத்தங்களுக்கு ஆற்றல் வீணாவதில்லை. 2012இல் வெளியான ஓர் ஆய்வில், அசைவின் வேகத்துக்கு ஒத்த தாளத்தைக் கேட்டுச் சைக்கிள் மிதித்தவர்கள், அதைவிட மெதுவான தாளத்தைக் கேட்டபோது பயன்படுத்தியதைக் காட்டிலும் சுமார் 7% குறைவான ஆக்சிஜனையே பயன்படுத்தினர். இது சைக்கிளில் கண்ட முடிவு என்பதால் ஓட்டத்துக்கு அதே எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. ஆயினும், கண்டபடி ஒரு பாட்டைப் போட்டுக்கொள்வதற்கும் காலடிக்கு இசைந்த பாட்டைத் தேர்ந்தெடுப்பதற்கும் வேறுபாடு உண்டு என்பது இதனால் விளங்கும்.

பொதுவான உடற்பயிற்சிக்கு நிமிடத்துக்கு 120 முதல் 140 தாள அடிகள் கொண்ட இசை பொருத்தமானது என்று கராஜியார்ஜிஸ் குழுவினர் கூறுகின்றனர். ஓட்டத்தில் காலடிகள் இதைவிட வேகமானவை. பொழுதுபோக்காக ஓடுவோர் நிமிடத்துக்கு ஏறத்தாழ 150 முதல் 180 அடிகள் எடுத்து வைக்கிறார்கள். 170 அடி ஓடுபவர், நிமிடத்துக்கு 85 தாள அடி கொண்ட பாட்டைத் தேர்ந்தால், ஒரு தாளத்துக்கு இரண்டு காலடி என்று அழகாகப் பொருந்தும். ஒரு பாட்டின் தாள வேகத்தை அறியத் தனிக் கருவி தேவையில்லை. பாட்டைக் கேட்டபடி தொடையில் தாளம் போட்டு, 15 விநாடியில் விழும் தட்டுகளை எண்ணி நான்கால் பெருக்கினால் போதும்.

எத்தியோப்பிய ஓட்ட வீரர் ஹைலே கெப்ரசெலாசி இதற்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு. 1998 பிப்ரவரியில் பர்மிங்காம் உள்ளரங்கில் 2,000 மீட்டர் ஓட்டத்தில் உலக சாதனை படைத்தபோது, ஸ்காட்மேன் என்ற துள்ளிசைப் பாட்டை அரங்க ஒலிபெருக்கியில் ஒலிக்கச் செய்து அதன் தாளத்தில் ஓடினார். அவர் காதில் எதையும் மாட்டியிருக்கவில்லை என்பதையும் அங்கு ஓடிய எல்லோருமே அதே பாட்டைக் கேட்டார்கள் என்பதையும், இதை எடுத்துக்காட்டுபவர்கள் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள்.

இசை கைவிடும் இடம்

மேலே சொன்ன கவனத் திருப்பம் மிதமான வேகம் வரையில்தான் நடக்கும். ஒருவர் பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகத்தில் இசை நன்றாக வேலை செய்கிறது. அவரது உச்ச ஆக்சிஜன் பயன்பாட்டுத் திறனில் சுமார் 75% அளவைத் தாண்டினால், தசையும் நுரையீரலும் எழுப்பும் கூக்குரல் எல்லாக் கவனத்தையும் பிடுங்கிக்கொள்கிறது. அப்போது எந்தப் பாட்டும் களைப்பைக் குறைத்துக் காட்டுவதில்லை. மனநிலையை ஓரளவு தாங்கிப் பிடிக்கலாம், அவ்வளவே.

இதன் மறுபக்கமும் கவனிக்கத்தக்கது. களைப்பு உணர்வு என்பது வெறும் தொல்லை அன்று. நெஞ்சில் இறுக்கம், தலைசுற்றல், வழக்கத்துக்கு மாறான மூச்சிரைப்பு, முழங்காலில் ஒரே இடத்தில் குத்தும் வலி ஆகியவை ஓட்டத்தை நிறுத்தச் சொல்லும் அறிகுறிகள். வெயில் காலத்திலும் கடலோர ஈரக் காற்றிலும் ஓடுபவர்கள் உடல் சூட்டின் எச்சரிக்கையைத் தவறவிடக் கூடாது. "இந்தப் பாட்டு முடியட்டும்" என்று இன்னும் நான்கு நிமிடம் ஓடுவது எப்போதும் நல்லதன்று. காயத்திலிருந்து தேறி வருபவர், இதய நோய் உள்ளவர், நீண்ட இடைவெளிக்குப் பின் ஓடத் தொடங்கும் நடுத்தர வயதினர் ஆகியோர் முதல் சில வாரங்களாவது தம் மூச்சையும் காலடியையும் கேட்டு ஓடுவதே நல்லது.

சாலையில் காதின் வேலை

கண்ணால் நமக்கு முன்னால் உள்ளதையும் இரு பக்கங்களையும் பார்க்க முடியும். முதுகுப்புறத்தைப் பார்க்க முடியாது. அங்கே காவல் காப்பவை காதுகள் மட்டுமே. ஓர் ஒலி இடப்பக்கத்திலிருந்து வந்தால் இடது காதை முதலில் அடைகிறது. வலது காதை அடைய ஒரு விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரம் கூடுதலாக ஆகும். அந்த நுண்ணிய வேறுபாட்டையும், இரு காதுகளுக்கும் வந்து சேரும் ஒலி அளவின் வேறுபாட்டையும் கொண்டு மூளை திசையைக் கண்டுபிடிக்கிறது. "ஒரு காதில் மட்டும் மாட்டிக்கொள்கிறேன், மற்றது திறந்திருக்கிறது" என்று சமாதானம் சொல்பவர்கள் இழப்பது இந்தத் திசையறிவைத்தான். லாரி வருகிறது என்று அவர்களுக்குத் தெரியலாம். எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பது தாமதமாகவே தெரியும்.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் வரும் மோட்டார் சைக்கிள் ஒரு விநாடியில் சுமார் 16.7 மீட்டர் கடக்கிறது. அதே திசையில் மணிக்கு 12 கி.மீ. வேகத்தில் ஓடுபவர் ஒரு விநாடியில் 3.3 மீட்டர் முன்னேறுகிறார். இருவருக்கும் இடையிலுள்ள தூரம் விநாடிக்கு 13.4 மீட்டர் வீதம் குறைகிறது. 40 மீட்டர் பின்னால் இருக்கும்போது ஓசை காதில் விழுந்தால் ஒதுங்க மூன்று விநாடி கிடைக்கிறது. இசையின் இரைச்சலில் இரண்டு விநாடி தாமதமாகக் கேட்டால் மிஞ்சுவது ஒரே விநாடி. அதற்குள் அது என்ன ஓசை என்று உணர்ந்து, முடிவெடுத்து, காலைத் திருப்ப வேண்டும்.

காதில் ஒலி விழுவதும் அது மனத்தில் பதிவதும் வேறு வேறு. ஆகவே ஒலி அளவைக் குறைத்தால் மட்டும் இடர் முழுவதும் நீங்கிவிடாது. பாட்டின் வரிகளில் மனம் ஆழ்ந்திருக்கும்போது, ஹாரன் ஒலி செவிப்பறையைத் தொட்டும் கவனத்தைத் தொடாமல் போகலாம். கைப்பேசியில் பேசிக்கொண்டே ஓடுவது இதைவிட மோசம். பேச்சுக்குப் பதில் யோசிக்க வேண்டியிருப்பதால் கவனம் இன்னும் அதிகமாகப் பறிபோகிறது.

அமெரிக்காவில் மேரிலாந்து பல்கலைக்கழகக் குழுவினர், 2004 முதல் 2011 வரை ஹெட்போன் அணிந்த நிலையில் வாகனமோ இரயிலோ மோதி இறந்த அல்லது காயமடைந்த பாதசாரிகள் பற்றிய செய்திகளைத் திரட்டி 2012இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். கிடைத்த நிகழ்வுகள் 116. அவற்றில் 70% மரணத்தில் முடிந்தவை. பாதிக்கும் மேற்பட்டவற்றில், அதாவது 55% நிகழ்வுகளில், மோதியது இரயில். பாதிக்கப்பட்டவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் 30 வயதுக்குட்பட்டவர்கள். ஏறத்தாழ அதே விகிதத்தினர் ஆண்கள். 29% நிகழ்வுகளில் மோதுவதற்கு முன் ஹாரனோ சைரனோ ஒலித்ததாகச் செய்திகள் குறிப்பிட்டன. இந்த எண்களுக்கு வரம்பு உண்டு. செய்தித்தாளில் வந்தவற்றை மட்டுமே இவர்கள் எண்ணினார்கள். மரணங்கள் செய்தியாகும் அளவுக்குச் சிறு காயங்கள் செய்தியாவதில்லை. ஓடுபவர்களைத் தனியாகப் பிரித்தும் கணக்கிடவில்லை. ஹெட்போன்தான் காரணம் என்று ஒவ்வொரு நிகழ்விலும் நிறுவிவிடவும் முடியாது. ஆயினும் இரயில் என்ற ஒரு சொல் அந்த ஆய்வில் திரும்பத் திரும்ப வருவதைக் கடந்துபோக முடியாது. இரயில் விலகிச் செல்லாது. உடனே நிற்கவும் செய்யாது. விலக வேண்டியவர் மனிதர் மட்டுமே.

தமிழ்நாட்டில் பல ஊர்களில் இருப்புப்பாதையை ஒட்டிய மண்பாதை நடக்கவும் ஓடவும் வசதியான தடமாகப் பயன்படுத்தப்படுகிறது. இருப்புப்பாதைப் பகுதிக்குள் அனுமதியின்றி நுழைவது 1989ஆம் ஆண்டு இரயில்வே சட்டத்தின் 147ஆம் பிரிவின்படி தண்டனைக்குரிய குற்றம். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். காதில் இயர்போனுடன் அங்கே ஓடுவதை எந்தப் பயனைக் காட்டியும் நியாயப்படுத்த முடியாது.

இன்னொன்றும் மாறி வருகிறது. பெட்ரோல் வண்டியின் உறுமலைக் கேட்டு ஒதுங்கப் பழகிய காது, மின்சார ஸ்கூட்டரின் மெல்லிய ஓசையைத் திறந்த நிலையிலேயே தவறவிடுகிறது. இயர்போன் இருந்தால் சொல்ல வேண்டியதில்லை. தெருநாய் துரத்துவது, சைக்கிள்காரர் மணியடிப்பது, பின்னால் யாரோ நெருங்கி வருவது ஆகியவையும் காதுக்கே முதலில் தெரிபவை. அதிகாலையில் தனியாக ஓடும் பெண்கள் பலர் இக்காரணத்தால் இசையைத் தவிர்க்கிறார்கள். வீண் பேச்சுக்கு இடம் கொடாமல் இருப்பதற்காக, பாட்டே இல்லாமல் இயர்போனை மட்டும் மாட்டிக்கொண்டு ஓடுபவர்களும் உண்டு.

நடைபாதை இல்லாத சாலையில் ஓடுபவர், எதிரே வரும் வாகனங்களைப் பார்த்தபடி வலது ஓரமாக ஓட வேண்டும் என்பது பள்ளியிலேயே சொல்லித்தரும் பாடம். இயர்போன் அணிந்தவர் இடது ஓரமாக ஓடுவது, கண்ணையும் காதையும் ஒருசேர மூடிக்கொள்வதற்குச் சமம்.

செவித்திறன்

உள் காதில் நத்தை வடிவில் சுருண்டிருக்கும் காக்ளியா என்ற உறுப்பில், ஒலியை நரம்புத் துடிப்பாக மாற்றும் மயிர்ச்செல்கள் உள்ளன. ஒரு காதுக்கு ஏறத்தாழ 15,000. பிறக்கும்போது இருப்பவை அவ்வளவுதான். தோல் செல்போல இவை புதிதாக முளைப்பதில்லை; பறவைகளுக்கு முளைக்கின்றன, மனிதருக்கு இல்லை. பேரொலியில் முதலில் களைத்துச் சாய்கின்றன. ஓய்வு கிடைத்தால் நிமிர்கின்றன. மீண்டும் மீண்டும் அதே தாக்குதல் நேர்ந்தால் இறந்துவிடுகின்றன. இழப்பு முதலில் உயர் சுருதி ஒலிகளில் தொடங்குவதால் பாதிக்கப்பட்டவருக்கே பல ஆண்டுகள் தெரிவதில்லை. கூட்டத்தில் பேசும்போது "ச", "ஸ" போன்ற ஒலிகள் தெளிவில்லாமல் போவது, இரவில் காதுக்குள் ஓயாத இரைச்சல் கேட்பது ஆகியவை பின்னர் வரும் அறிகுறிகள்.

ஒலி அளவு டெசிபலில் அளக்கப்படுகிறது. இது சாதாரண அளவுகோல் அன்று. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் ஒலியின் ஆற்றல் இருமடங்காகிறது. அமெரிக்கத் தொழில்சார் பாதுகாப்பு மற்றும் உடல்நல ஆய்வு நிறுவனம் தொழிற்சாலைப் பணியாளர்களுக்கு வகுத்த வரம்பு, 85 டெசிபலில் நாளொன்றுக்கு 8 மணி நேரம். 88 டெசிபலில் 4 மணி, 91இல் 2 மணி, 94இல் ஒரு மணி என்று பாதி பாதியாகக் குறைந்து, 100 டெசிபலில் 15 நிமிடமே மிஞ்சுகிறது. கைப்பேசியில் ஒலியை முழு அளவில் வைத்தால் 100 டெசிபலைத் தாண்டக்கூடும். அப்படி வைத்து முக்கால் மணி நேரம் ஓடுபவர், ஓர் ஆலைத் தொழிலாளி இரண்டு ஷிப்ட் முழுவதும் இயந்திரத்தருகே நின்று பெறுவதைவிட அதிக ஒலியை ஒரே காலையில் பெற்றுவிடுகிறார்.

உலக சுகாதார நிறுவனம், பெரியவர்களுக்கு 80 டெசிபலில் வாரம் 40 மணி நேரம் என்ற வரம்பைப் பரிந்துரைக்கிறது. பாதுகாப்பற்ற முறையில் இசை கேட்பதால் உலகில் சுமார் 110 கோடி இளையோர் செவித்திறன் இழப்புக்கு ஆளாகும் நிலையில் இருப்பதாக அது 2015இல் எச்சரித்தது. கருவியின் உச்ச ஒலியில் 60% அளவைத் தாண்டாமல் கேட்பது நடைமுறைக்கு எளிய வழி.

ஓடுபவருக்கு மட்டும் உரிய ஒரு சிக்கல் இங்கே உள்ளது. திறந்த அமைப்புள்ள இயர்போன் சாலை ஒலியை உள்ளே விடும். ஆகவே பாட்டுக் கேட்பதற்காக ஒலியைக் கூட்டத் தோன்றும். காது துளையை இறுக்கமாக அடைக்கும் இயர்போன் வெளி ஒலியைத் தடுக்கும். குறைந்த ஒலியிலேயே பாட்டுக் கேட்கும், ஆனால் பின்னால் வரும் பேருந்து கேட்காது. முதல் வகை உயிருக்கு நல்லது, செவிக்குக் கெடுதல்; இரண்டாம் வகை செவிக்கு நல்லது, உயிருக்குக் கெடுதல். போக்குவரத்து மிகுந்த சாலையில் இதற்குத் தீர்வே இல்லை. தீர்வு, அமைதியான இடத்துக்கு மாறுவதுதான். அடைக்கும் வகையில் மற்றொரு தொல்லையும் உண்டு. மூடிய காதுக்குள் எலும்பு வழியே வரும் காலடி அதிர்வு "தொம், தொம்" என்று பெரிதாகக் கேட்பதால், அதை மூடவும் ஒலியைக் கூட்டுகிறார்கள். வியர்வையோடு அடைபட்ட காதில் பூஞ்சைத் தொற்று வருவது நம் தட்பவெப்பத்தில் அரிதன்று. இயர்போனைத் துடைத்து வைப்பதும், ஒருவருடையதை மற்றவர் அணியாதிருப்பதும் நல்லது.

எலும்புவழி ஒலிக்கருவிகளும் இன்று கிடைக்கின்றன. இவை காதுக்கு முன்னுள்ள எலும்பின் மீது அமர்ந்து, அதிர்வை நேராக உள் காதுக்குச் செலுத்துகின்றன. காது துளை திறந்தே இருக்கிறது. சாலை ஓட்டத்துக்கு மற்றவற்றைவிட இவை மேலானவை. ஆனால் அதிர்வு சென்று சேர்வது அதே காக்ளியாவுக்குத்தான் என்பதால், பேரொலியின் தீங்கு இதிலும் உண்டு. கவனச் சிதறலும் அப்படியே இருக்கும். வெளி ஒலியை ஒலிவாங்கி வழியாக உள்ளே அனுப்பும் வசதியும் சில இயர்போன்களில் உள்ளது. இது புதுமை போலப் பேசப்படுகிறது. 1979இல் வந்த முதல் வாக்மேனிலேயே ஒரு பொத்தானை அழுத்தினால் பாட்டு தணிந்து, ஒலிவாங்கி வழியே வெளிப் பேச்சுக் கேட்கும் ஏற்பாடு இருந்தது.

போட்டி விதிகள்

தடகளப் போட்டிகளில், ஓட்டத்தின்போது வானொலி, கைப்பேசி போன்ற கருவிகளை வைத்திருப்பது வெளியுதவியாகக் கருதப்பட்டுத் தடை செய்யப்பட்டுள்ளது. அமெரிக்கத் தடகள அமைப்பு 2007இல் ஹெட்போனுக்குப் பொதுத் தடை விதித்தது. பொழுதுபோக்காக ஓடும் ஆயிரக்கணக்கானோரிடம் அதைச் செயல்படுத்த முடியாததால், பரிசுக்குப் போட்டியிடாதவர்களுக்குப் பின்னர் தளர்த்தியது. 2009 அக்டோபரில் அந்நாட்டின் மில்வாக்கி நகரில் நடந்த மாரத்தானில், பெண்கள் பிரிவில் முதலில் வந்தவர் அனுமதியில்லா இடத்தில் தண்ணீர் வாங்கியதற்காக நீக்கப்பட்டார். வெற்றியாளராக அறிவிக்கப்பட்ட அடுத்தவர், வழியில் ஐபாட் கேட்டது தெரிந்து அவரும் நீக்கப்பட்டார். இங்கிலாந்தில், போக்குவரத்து முழுமையாக நிறுத்தப்படாத சாலைப் போட்டிகளில் இயர்போனுக்குத் தடை வந்தபோது, எலும்புவழிக் கருவிகளுக்கு மட்டும் 2016இல் விலக்கு அளிக்கப்பட்டது.

உடல்திறன் தேர்வுக்குப் பயிற்சி செய்வோர்

தமிழ்நாட்டில் அதிகாலை வேளையில் நெடுஞ்சாலை ஓரங்களில் ஓடும் இளைஞர்களில் கணிசமானோர் காவலர் தேர்வுக்கோ இராணுவ ஆள்சேர்ப்புக்கோ தயாராகிறவர்கள். ஊரில் நல்ல மைதானம் இல்லாததால் சாலைக்கு வருகிறார்கள். இருட்டு, வேகமாகச் செல்லும் வாகனங்கள், தூக்கக் கலக்கத்திலுள்ள ஓட்டுநர்கள், இவற்றோடு காதில் பாட்டு என்பது எல்லா இடர்களும் ஒன்றுகூடும் நேரம். அவர்கள் எதிர்பார்க்கும் பயனோ அங்கே மிகக் குறைவு. இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் ஆண்கள் 1,500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓடி முடிக்க வேண்டும். பெண்கள் 400 மீட்டரை 2 நிமிடம் 30 விநாடிக்குள் ஓட வேண்டும். எல்லை நேரத்தை எட்டப் போராடும் ஒருவருக்கு இது மூச்சு முட்டும் வேகம். இசை கைவிடும் இடம் என்று மேலே சொன்னது இதைத்தான். தேர்வுக் களத்தில் இயர்போனும் இல்லை.

ஆகவே வாரத்தில் மெதுவாக நெடுநேரம் ஓடும் நாட்களில், வாகனம் வராத பள்ளி மைதானத்திலோ ஏரிக்கரையிலோ, குறைந்த ஒலியில் பாட்டுக் கேட்கலாம். டிரெட்மில்லில் ஓடுபவருக்கும் இதில் தடையில்லை. வேக ஓட்ட நாட்களிலும் மாதிரித் தேர்வு ஓட்டத்திலும் கைக்கடிகாரம் மட்டும் போதும். 1,500 மீட்டரை 7 நிமிடத்தில் முடிக்க, 400 மீட்டர் சுற்று ஒன்றுக்கு 1 நிமிடம் 52 விநாடி ஆகலாம். தாளம் மிகுந்த பாட்டோடு பழகியவர்கள், பாட்டில்லாத தேர்வு நாளில் முதல் சுற்றைத் தேவைக்கு மீறிய வேகத்தில் ஓடிவிட்டு மூன்றாம் சுற்றில் மூச்சிரைத்து நிற்பதைப் பயிற்சியாளர்கள் காண்கிறார்கள். சீரான வேகத்துக்கு மூச்சே நல்ல அளவு. இரண்டு அடிக்கு மூச்சை இழுத்து இரண்டு அடிக்கு விடும் ஒழுங்கு மூன்றாம் சுற்று வரை கலையாமல் இருந்தால், கடைசி 300 மீட்டருக்கு வேகத்தைக் கூட்ட இடம் இருக்கும்.